நுரைக்கூட்டு அப்பா

இந்த லீவுக்கு மாமியார் வீட்டுப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை என்று முடிவெடுத்தேன். மாமியார் தங்கம். மச்சான்தான் ஆபத்து. கவிதை எழுதுகிறார். நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். போன லீவு முழுக்க அவர் வாசிக்க, நான் திருத்தினேன். திருத்தவேண்டியது கவிதையை இல்லை ஐயா, ஆளை!

ஆகவே மீன் தொட்டி வாங்கினேன். சுண்டுவிரல் நீளத்தில் ஒரு ஜோடி மீன். குட்டைகளில், ஓடாத தண்ணீரில், பாசிக்குள் வாழும் வகை. பாசியும் இலையும் போட்டுத் தொட்டியையே குட்டையாக்கினேன். ஊருக்குக் கிளம்பும் நேரத்தில், ஆண் மீன் குமிழி குமிழியாக ஊதி இலைக்கடியில் நுரைக்கூடு கட்டிவிட்டது. உள்ளே முட்டைகள்! எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு மனைவியிடம் போனேன்.

“நான் வர முடியாது போலிருக்கே. மீன் முட்டை போட்டிருக்கு.”

“போட்டது மீன்தானே? நீங்க ஏன் அடைகாக்கணும்?”

“விளையாடாதே. கூடு கலைஞ்சா போச்சு. பக்கத்துல ஒரு ஆள் வேணும்.”

“ஏன், அதோட அம்மா பார்த்துக்காதா?”

“அம்மாவா? முட்டை போட்டதும் அது ஒதுங்கிடும். கிட்ட வந்தாலே அப்பா விரட்டிடும். காவல், வளர்ப்பு எல்லாமே அப்பாதான்!”

“அடேயப்பா! அம்மாவுக்கு வேலையே இல்லையா?”

“ஜாலியா நீந்த வேண்டியதுதான்.”

அவள் தொட்டியையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“சரிங்க. நீங்க இருங்க.”

இவ்வளவு சுலபமா! அன்று நான் சீட்டியடித்தபடியே குளித்தேன்.

மறுநாள் காலை வாசலில் ஒரே ஒரு பெட்டியோடு நின்றாள்.

“பசங்க எங்கே?”

“மூணும் தூங்குதுங்க.”

“எழுப்பலையா?”

“எதுக்கு? அதான் அப்பா இருக்கீங்களே. நான் போய் நீந்திட்டு வர்றேன்.”

“அடியே! மூணையும் வெச்சுக்கிட்டு நான் தனியா என்ன பண்ணுவேன்?”

“உங்களைத் தனியா விடுவேனா? அண்ணனை வரச் சொல்லிட்டேன்.”

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. ஒரு கட்டுக் காகிதத்தோடு மச்சான் இறங்கினார். அதே ஆட்டோவில் அவள் ஏறிக்கொண்டாள். அவர் நேரே தொட்டிக்குப் போய், கண்கலங்க நின்றார்.

“மாப்பிள்ளை, இந்த மீனைப் பத்தியே ஒரு காவியம் ஆரம்பிச்சிருக்கேன்!”