மைனாக் கூட்டமும் பிஸ்கட் தகரமும்

என் அக்காவின் சம்பந்தத்தைக் கெடுத்தவள் நான்தான் என்று எங்கள் ஊர் காஜா பேராங்கில் இன்றும் சொல்வார்கள். சொல்லட்டும். அன்றைக்கு என் கணக்கு சரி. அதை எந்தச் சபையிலும் சொல்வேன்.

நாட்டுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த வருஷம். நான் ஆசிரியர் பயிற்சியில் இருந்தேன் (அதாவது, உலகத்தில் எனக்குத் தெரியாதது எதுவுமில்லை). எங்கள் வாசல் அங்சானா மரத்தில் அந்தி சாய்ந்தால் மைனாக்கள் கூட்டமாக வந்து அடையும். அக்கா சரோஜாவைப் பெண் பார்க்க வந்தவர்கள், உள்ளே புழுக்கம் என்று அந்த மரத்தடியிலேயே நாற்காலி போடச் சொல்லிவிட்டார்கள்.

"மைனா அடையுற நேரம்மா. மேல எச்சம் போட்டா மானம் போயிடும்," என்று அப்பா கையைப் பிசைந்தார்.

"கவலப்படாதீங்கப்பா. கூட்டத்துக்குத் தலைவன்னு யாரும் இல்ல. ஒவ்வொண்ணும் பக்கத்துல பறக்குறதப் பார்த்துத்தான் திரும்பும். ஓரத்துல நாலஞ்சத் திருப்பினா மொத்தமும் திரும்பிடும்."

"எப்படித் திருப்புவ?"

பிஸ்கட் தகரத்தைக் காட்டினேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

கூட்டம் வந்தது. ஓரம் பார்த்துத் தகரத்தைத் தட்டினேன். அடடா! நாலு மைனா திரும்ப, அதைப் பார்த்துப் பத்து, பிறகு மொத்தக் கூட்டமும் ஒரே வீச்சில் திரும்பியது. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. திரும்பியது வட்டமடித்து எங்கே வரும் என்று மட்டும் நான் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை (அது அடுத்த பாடம்). தாழப் பறந்து வந்து, பயத்தில் எல்லாவற்றையும் மாப்பிள்ளை வீட்டார் தலையில் கொட்டிவிட்டுப் போனது. பட்டுச்சேலை, கேசரித் தட்டு எதுவும் தப்பவில்லை.

ஒருவர் எழுந்து ஓடினார். அவரைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவர். அடுத்த நொடி மொத்தப் பேரும் பக்கத்து வீட்டுக்குள். வழி யாரும் சொல்லவில்லை (மனிதர்களுக்கும் அதே கணக்குத்தான்!). மாப்பிள்ளையின் அம்மா மட்டும், சேலை நாற்காலியில் சிக்கி, மரத்தடியில் தனியாகத் தவித்தார். உள்ளே இருக்க வேண்டிய அக்கா குடையோடு ஓடிப்போய் அவரை அழைத்து வந்தாள்.

"தங்கமான பொண்ணு. எங்களுக்குச் சம்மதம்," என்றார் அந்த அம்மா, தலையைத் துடைத்தபடி.

அப்பாவுக்கு உயிர் வந்தது. அக்காதான் வாயைத் திறந்தாள்.

"எனக்குச் சம்மதமில்லம்மா. பெத்தவங்கள விட்டுட்டு மொதல்ல ஓடினது மாப்பிள்ளதான். ஜன்னல்ல பார்த்தேன்."

ஆக, கெடுத்தது நானா? ஊருக்கு என் தகரம்தான் கண்ணில் படுகிறது. அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் மாப்பிள்ளை பேச்சு எடுத்தாலே, "தகரம் தட்டிப் பார்த்தாச்சா?" என்றுதான் கேட்பார்கள்.

பல வருஷம் கழித்து என் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். மரத்தடியில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டவள் அக்கா. தகரத்தைத் துடைத்து என் கையில் கொடுத்தவளும் அவளேதான்.