எட்டரை மணி பஸ்

கம்பத்தில் பூசிய துரு இன்னும் காயவில்லை. அதற்குள் ஓர் அம்மாள் வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

சுகுமாரன் தூரிகையும் கையுமாக நின்றார். நியாலாஸ் ஊருக்கு உள்ளே, செம்பனைத் தோட்டத்துச் சாலையோரத்தில், தொலைக்காட்சித் தொடர் ஒன்றுக்காக அவர் நான்கு நாளாகக் கட்டிய பஸ் நிறுத்தம் அது. தகரக் கூரை மட்டும் நிஜம். சுவர் வெறும் பலகை, மேலே சிமெண்டு நிறச் சாயம். கதைப்படி அது இருபது வருடப் பழசு. கதாநாயகி அங்கே உட்கார்ந்து, வராத கணவனுக்காகக் காத்திருப்பாள்.

"எங்கம்மா போகணும்?"

"ஜாசின் கிளினிக்குக்கு, தம்பி. சர்க்கரை மருந்து முடிஞ்சிருச்சு. என் பேரு முனியம்மா. அதோ, மூணாவது வீடு."

முகத்தில் பவுடர், மடியில் துணிப்பை, கையில் குடை. புறப்பட்டு வந்தவரின் எல்லா அடையாளமும் இருந்தது. அவர் தலைக்கு மேலே சுகுமாரன் நேற்று ஒட்டிய கால அட்டவணை: முதல் பஸ் 8.30. யோசித்து எழுதிய நேரமல்ல. தினமும் அவர் சாமான் வாங்க ஜாசின் டவுனுக்குக் கிளம்பும் நேரம் அது, கை தானாக எழுதிவிட்டது.

சாயம் அடிக்கும் காந்தன் அருகே வந்து குரலைத் தாழ்த்தினார். "அண்ணே, எல்லாம் நீங்க போட்ட பூஜையாலதான். தேங்காய் உடைச்சு, எலுமிச்சம்பழம் நசுக்கி... ஊரே திறப்பு விழான்னு நெனச்சிருச்சு."

எந்த செட்டானாலும் சூடம் ஏற்றாமல் சுகுமாரன் முதல் ஆணியை அடித்ததில்லை. கடவுளைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு ஒரு பொய்யைக் கட்டியிருக்கிறோமே என்று அன்றுதான் முதன்முறையாக நெஞ்சு உறுத்தியது. உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தார். வாய் வேறு எதையோ சொன்னது.

"நானும் ஜாசின் பக்கம்தான் போறேன். லோரியில ஏறிக்குங்கம்மா."

லோரிக் கதவில் 'வெளியாட்களை ஏற்றக் கூடாது' என்று கம்பெனி ஒட்டிய தாளை அவர் பார்க்காதது போலத் திறந்தார். முனியம்மாவும் பார்க்காதது போல ஏறினார்.

மறுநாள் காலை பெஞ்சில் மூன்று பேர். முனியம்மாவோடு, தபால் அலுவலகம் போகவேண்டிய தாரணி என்ற பெண். அடுத்து வீராசாமி என்ற உயரமான பெரியவர். பெரியவர் பேசவில்லை. லோரியில் முன் இருக்கையில் உட்கார்ந்து கியரையே பார்த்துக்கொண்டு வந்தார். மூன்றாம் கட்டை மைல்கல் வளைவில் சுகுமாரன் பிரேக் போடும் முன்பே அவருடைய வலது கால் தரையை அழுத்தியது.

"பயப்படாதீங்க ஐயா, மெதுவாத்தான் போறேன்" என்றார் சுகுமாரன்.

பெரியவர் தலையை மட்டும் ஆட்டினார்.

திரும்பி வந்தபோது காந்தன் பலகை மேல் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். "என்ன அண்ணே, டிக்கெட் கிழிச்சீங்களா?"

"சும்மா இருலா. இயக்குநர் சொன்னது ஞாபகம் இருக்கா?"

இயக்குநர் நிர்மலாதேவி கோபப்படுகிறவர் அல்ல. சிரித்த முகத்தோடுதான் சொல்லியிருந்தார்: "சுகு, உங்க செட்டு அழகாத்தான் இருக்கு. ஆனா மனுஷன் புழங்கின இடம் மாதிரியே தெரியல. இந்தத் தடவையும் அப்படின்னா, அடுத்த தொடருக்கு நான் வேற ஆளத்தான் பாக்கணும்." வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் படப்பிடிப்பு. அதற்குள் துரு, பாசி, சிலந்தி வலை, காய்ந்த சருகு எல்லாம் முடிய வேண்டும். லோரியில் ஊர் சுற்றினால் எப்படி முடியும்?

புதன்கிழமை ஐந்து பேர். சுகுமாரன் வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்த வரியைச் சொன்னார்.

"பஸ் ரிப்பேராம். இந்த வாரம் வராதாம்."

"பரவால்ல தம்பி" என்றார் முனியம்மா. "உக்காந்திருக்கோம்."

ஐந்து பேரும் அசையவில்லை. வெயில் ஏறியது. முனியம்மா பையிலிருந்து வாழையிலைப் பொட்டலம் ஒன்றை எடுத்து நீட்டினார். "தோசையும் நெத்திலிச் சம்பலும். காலையில ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டீங்க."

சாப்பிடாதது உண்மைதான். வாங்கியபோது கை கூசியது. பொட்டலம் பிரிக்கும் முன் லோரி கிளம்பியது.

"ரிப்பேர்னா சரியாகி வரும்னுதானே நெனப்பாங்க?" என்றார் காந்தன் சாயங்காலம். "இனிமே இல்லன்னு எழுதிப் போடுங்க."

சுகுமாரன் பலகை எடுத்தார். 'இது பொய்' என்று எழுதக் கை வரவில்லை. 'வெள்ளிக்கிழமை முதல் மூடப்படும்' என்று தமிழிலும் மலாயிலும் எழுதி, ஆணி அடித்தார்.

வியாழக்கிழமை பதினோரு பேர். மூடுவதற்குள் எல்லா வேலையையும் முடித்துக்கொள்ள வந்தவர்கள். வங்கிக்கு இருவர், பாசாருக்குக் காய்கறி வாங்க நால்வர், கண் மருத்துவருக்கு ஒருவர், கோழிக்கூடையோடு ஒருவர். லோரி இரண்டு முறை போய் வந்தது. சிலந்தி வலையை மாலையில்தான் பசையில் இழைக்க முடிந்தது. ஒரு சாக்குச் சருகை ஒவ்வொன்றாக அடுக்கி, எல்லா ஓரத்திலும் புதுத் துரு பூசிவிட்டு அவர் வீடு திரும்பினார்.

வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு வந்தவர் லோரியை விட்டு இறங்கவில்லை.

பஸ் நிறுத்தம் பளிச்சென்றிருந்தது. துரு இல்லை. பாசி இல்லை. வலை இல்லை. சருகெல்லாம் கூட்டி ஓரமாகக் கொளுத்தப்பட்டிருந்தது. கூரையின் குறுக்கே மாவிலைத் தோரணம்.

முனியம்மா முந்தானையில் கையைத் துடைத்தபடி வந்தார். "நேத்து நீங்க போனப்புறம் எல்லாருமா சேர்ந்து கழுவிட்டோம். அலையா அலைஞ்சீங்க. உங்களுக்கு எங்களால முடிஞ்சது இவ்வளவுதான், தம்பி."

சுகுமாரன் அந்த முகத்தைப் பார்த்தார். திட்டுவதற்கு அதில் இடமே இல்லை.

"ரொம்ப நன்றிம்மா" என்றார்.

காந்தன் மெல்லச் சொன்னார். "அண்ணே, நான் புக்கிட் பெருவாங் வீட்டுக்கே பஸ் பிடிச்சுப் போயிடறேன். அடடா, பஸ்தான் வராதே."

தோரணத்தை அவிழ்க்கத்தான் நேரம் இருந்தது. துரு டப்பாவைத் திறப்பதற்குள் நிர்மலாதேவியின் கார் வந்து நின்றது. அவர் வெளியிலிருந்து பார்த்தார். உள்ளே போனார். நெடுநேரம் வெளியே வரவில்லை. சுகுமாரன் தமக்குத் தெரிந்த சாமிகளையெல்லாம் வரிசையாகக் கூப்பிட்டார்.

"சுகு, இங்க வாங்க."

பெஞ்சுக்கு மேலே, சுவரில் தலை சாயும் உயரத்தில், ஐந்தாறு வட்டக் கறைகள் வரிசையாக இருந்தன. தேங்காயெண்ணெய் தடவிய தலைகள் நாலு நாளாகச் சாய்ந்த தடம். எத்தனை தேய்த்தும் அது போகவில்லை. பெஞ்சின் விளிம்பில் சாயம் மழுங்கியிருந்தது. முனியம்மாவின் குடைமுனை ஊன்றிய இடத்தில் தரையில் ஒரு சிறு குழி.

"எண்ணெய்த் தடம்" என்றார் நிர்மலாதேவி. குரல் இறங்கியிருந்தது. "துருவும் ஒட்டடையும் யார் வேணும்னாலும் பூசலாம். இது யாருக்குத் தோணும்? இத்தனை வருஷம் ஜனங்க காத்திருந்த இடம் சுகு இது."

"அது... நான் செஞ்சதில்ல மேடம். தானா வந்துச்சு."

"அடக்கம் வேணாம். அடுத்த தொடர்ல முழு வீடு ஒண்ணு கட்டணும். நீங்கதான்."

வேலை தப்பியது. ஆனால் அன்றிரவு சுகுமாரனுக்குச் சோறு இறங்கவில்லை. நம்பியவர்களின் தலையெண்ணெயில் தமக்குப் பேர் கிடைத்திருக்கிறது. அவர்களிடம் ஓர் உண்மையைக்கூடச் சொல்லவில்லை.

சனிக்கிழமை பிரிக்க வந்தபோது பெஞ்சுக்கு எதிரே எல்லாரும் நின்றிருந்தார்கள். அவர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுக் கைகூப்பினார்.

"எல்லாரும் என்ன மன்னிக்கணும். இது பஸ் ஸ்டாப்பே இல்ல. வெறும் பலகை, நாடகத்துக்குக் கட்டினது. எந்த பஸ்ஸும் வரப்போறதில்ல. வராத பஸ்ஸுக்கு உங்கள உக்கார வச்சது நான்தான். அன்னைக்கே சொல்லியிருக்கணும். மனசு வரல."

முனியம்மா வீராசாமியைப் பார்த்தார். ஒரு வாரமாக வாய் திறக்காத பெரியவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இந்த ரோட்டுல பஸ் நின்னுபோறதுக்கு முன்னால கடைசி பஸ்ஸ ஓட்டினவனே நான்தான், தம்பி. நாங்க உக்காந்திருந்தது உங்க லோரிக்கு."