ஏரிக்கு அந்தப் பக்கத்துப் பூச்சி

பொண்டாட்டி தானாகத் திரும்பி வருகிற வரைக்கும் ஏரிக்கு அந்தப் பக்கம் கால் வைப்பதில்லை என்று வீரமுத்து கூட்டேரிப்பட்டு டீக்கடையில் சத்தமாக அறிவித்தார். கடையில் யாரும் அவரை ஒன்றும் கேட்டிருக்கவில்லை. டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் மட்டும், "சக்கரை தூக்கலா போடட்டுமா?" என்று கேட்டார்.

சண்டைக்குக் காரணம் ஒரு டேங்க். போருக்குப் போகிற டேங்க் இல்லை, முதுகில் மாட்டிக்கொண்டு பூச்சிமருந்து அடிக்கிற டேங்க். ஆனாலும் போர் நடந்தது.

கார்த்திகையில் நெல்லுக்கு மருந்து அடித்தபோது வீரமுத்து மூக்கில் துணி கட்டவில்லை. காற்று எதிரே அடித்தது. பாதிக் கழனியில் தலை சுற்றி வரப்பில் சாய்ந்தவரை முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். கண் விழித்தபோது கட்டில் ஓரத்தில் சௌந்தரம் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. திட்டவும் இல்லை. அவள் திட்டாமல் இருந்ததைப் பார்த்துத்தான், நமக்கு ரொம்ப முடியவில்லை போலிருக்கிறது என்று அவருக்குப் பயம் வந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு பேசினாள்.

"இனிமே அந்த டேங்க முதுவுல மாட்டனீங்கன்னு வெச்சிக்கோங்க, நான் எங்கண்ணன் ஊட்டுக்குப் போயிடுவேங்க."

திட்டும்போதுகூட 'ங்க'வை விடமாட்டாள். அதனாலேயே இரண்டு மடங்கு வலிக்கும்.

"அப்ப யாரு மருந்து அடிக்கறது?"

"ட்ரோன் வெச்சி அடிக்கலாங்க. எங்கண்ணன் கொல்லைல அடிச்சாங்க. நானே பாத்தேன்."

"நான் குத்துக்கல்லாட்டம் இருக்கறப்போ என் கொல்லைக்கு எதுக்குடி ஏரோப்ளேன்? பூச்சிக்கு மருந்து குடுக்கணும்னா அதும் மூஞ்சிய நேருக்கு நேரா பாத்துக் குடுக்கணும்."

"நீங்க நேருக்கு நேரா பாத்த லட்சணத்ததான் முண்டியம்பாக்கத்துல பாத்தனே!"

மாசி பிறந்தது. மேட்டுக் கொல்லையில் போட்டிருந்த மல்லாட்டையில், அதுதான் வேர்க்கடலையில், சுருள்பூச்சி விழுந்தது. ஒரு காலையில் வீரமுத்து பூனை மாதிரி போய் டேங்கை எடுத்து முதுகில் மாட்டினார். திரும்பினால் சௌந்தரம் நிற்கிறாள். உள்ளே போனாள், பையோடு வந்தாள், ஏரிக்கரை மேல் ஏறி நடந்தாள். கரையின் அந்தக் கோடியில்தான் அவள் அண்ணன் மாசிலாமணியின் ஊர். ரோட்டு வழியாகப் போனால் கூட்டேரிப்பட்டு சுற்றிக்கொண்டு வெகுதூரம்.

அவள் உருவம் சின்னதாகிச் சின்னதாகி மறைகிற வரை வீரமுத்து டேங்கோடு நின்றார். பிறகு அதை இறக்கி வைத்துவிட்டார். அன்றைக்கு மருந்து அடிக்கவில்லை. மறுநாளும் அடிக்கவில்லை. பூச்சி மட்டும் லீவு போடாமல் வேலை பார்த்தது.

வீட்டில் சத்தம் இல்லை. அதுதான் பெரிய பேஜாராக இருந்தது. கேப்பைக் களி கிண்டினார். அடியில் கல், மேலே கஞ்சி, நடுவில் மாவு. தட்டின் முன்னால் உட்கார்ந்து, "உப்பு போட்டியா?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டு, பதில் வராததால் தானே எழுந்து போய் உப்பு எடுத்துக்கொண்டார். நீல நிற முழுக்கைச் சட்டையைத் தேடினார். "என் சட்டை எங்கடி?" என்று கத்த ஆள் இல்லாததால் தேடுவதையும் விட்டுவிட்டார்.

ஒரு மத்தியானம் பொறுக்காமல் போன் போட்டார். அவள் உடனே எடுத்துவிட்டாள்.

"யாருங்க?"

"ராங் நம்பரு."



"ராங் நம்பருக்கு இன்னா வேணும்?"

"ஒண்ணும் வேணாம். சும்மா."

"ராங் நம்பரு சாப்டாச்சா?"

"ஆச்சி. களி."

"வெந்துச்சா?"

"பாதி."

"உடம்பு எப்பிடி இருக்குதாம் ராங் நம்பருக்கு?"

"நம்பரு நல்லாதான் இருக்குது. ஊடுதான் ராங்கா இருக்குது."

அவள் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டார். இப்படிப் பேசியதை நாமே போய்க் கூப்பிட்டதாக யாரும் கணக்கு வைக்க முடியாது என்று மனசைத் தேற்றிக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்து அதே டீக்கடையில் ஒருவர் வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். பேர் வேங்கடேசன். பெரிய மீசை. திண்டிவனத்தில் வருஷக்கணக்காகக் கல்யாண வீடியோ எடுத்துவிட்டு, இப்போது வண்டியில் ட்ரோன்களை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராக வயலுக்கு மருந்து அடிக்கிறவர். சின்ன ட்ரோன் கேமராவோடு போய்ப் பயிரைப் பார்க்கும். பெரியது டேங்க்கோடு போய் மருந்து தெளிக்கும்.

"பொண்ணு பாக்கறது ஒரு மிஷினு, தாலி கட்டறது ஒரு மிஷினு. அவ்ளோதாண்ணே தொழிலு," என்று சொல்லிக்கொண்டே அவர் கையிலிருந்த ஸ்கிரீனை வீரமுத்து பக்கம் சாய்த்தார். "இது நேத்து எடுத்தது. ஏரிக்கு அந்தாண்ட, மாசிலாமணின்னு ஒருத்தர் கொல்லை."

வீரமுத்துவின் டீ நடுவழியில் நின்றது.

ஸ்கிரீனில் பச்சையாக ஒரு மல்லாட்டைக் கொல்லை. அதன் நடுவில் களை பறிக்கிற பொம்பளைகள். அதில் ஒருத்தி புடவை மேல் நீல நிற முழுக்கைச் சட்டை போட்டிருந்தாள்.

"இதக் கொஞ்சம் பெருசாக்க முடியுமா?"

"பயிரையாண்ணே?"

"பயிரத்தான். அந்த நீலப் பயிரு பக்கமா."

படம் பெரிதாகி மங்கியது. குனிந்த முதுகு, தலைத்துண்டு. முகம் தெரியவில்லை. சட்டை மட்டும் தெரிந்தது. அவருடைய சட்டை. இத்தனை சட்டை இருக்க அதைப் போய் எடுத்திருக்கிறாள் என்று நினைத்தபோது வீரமுத்துவுக்கு மூக்கு நுனி சிவந்தது.

"இந்தப் பூச்சி இருக்குதே," என்று தொண்டையைக் கனைத்தார். "அது அந்தாண்டருந்துதான் இந்தாண்ட வருது. தெனம் அங்க போயி ஒரு பார்வை பாத்தா நல்லது."

"சும்மா படம் எடுக்க வரமாட்டேண்ணே. மருந்து அடிக்கற வேலை குடுத்தா, அதும் கூட எவ்ளோ வேணா பாத்துக்கோங்க."

வீரமுத்து யோசித்தார். பொண்டாட்டி சொல்லியும் தான் மறுத்த ட்ரோனை இப்போது கூப்பிட்டால் மானம் போகும். கூப்பிடாவிட்டால் சௌந்தரத்தைப் பார்க்க முடியாது. மானம் கண்ணுக்குத் தெரிகிற பொருளா?

"நாளைக்கு வந்துரு. ஜல்தியா வா."

மறுநாள் சின்ன ட்ரோன் முதலில் அவருடைய கொல்லை மேல் ஏறியது. வரப்பில் நின்று பார்த்தால் ஒரே பச்சை. மேலேயிருந்து பார்த்தால் நடுவில் மஞ்சளாக ஒரு வட்டம்.

"இங்கதாண்ணே பூச்சி அதிகம். கீழருந்து பாத்தா தெரியாது."

"என் தலையும் மேலருந்து இப்பிடித்தான் தெரியுமோ?"

வேங்கடேசன் மரியாதைக்காகச் சிரிப்பை அடக்கிக்கொண்டார். பெரிய ட்ரோன் எழும்பி, மஞ்சள் வட்டத்தின் மேல் கூடுதலாகவும் மற்ற இடத்தில் குறைவாகவும் பனி மாதிரி மருந்தை இறக்கியது. வீரமுத்து தூரத்தில் வேப்பமர நிழலில் நின்றார். முதுகு வலிக்கவில்லை. கண் எரியவில்லை. இது நல்லாத்தான் இருக்கிறது என்று தோன்றியதை வெளியே விடாமல் விழுங்கினார்.

கால்வாசிதான் முடிந்திருக்கும். "போதும் நிறுத்து," என்றார்.

"இன்னும் அரை மணி நேரத்துல மொத்தமும் முடிஞ்சிரும்ணே."

"வேணாம். ஒரேடியா அடிச்சா மல்லாட்ட பயந்துக்கும். தெனம் கொஞ்சம் கொஞ்சமா அடி."

மீசைக்குள் என்ன நடந்தது என்று தெரியவில்லை. வேங்கடேசன், "சரிண்ணே," என்றார்.

தன் மூளையை நினைத்து வீரமுத்துவுக்கே பெருமையாக இருந்தது. ஒரு கொல்லையைத் துண்டு துண்டாக்கினால் தினமும் ஒரு பார்வை. சின்ன ட்ரோன் ஏரியைத் தாண்டிப் போகும். அவர் ஸ்கிரீனைத் துண்டால் மூடி, அதற்குள் தலையை விட்டுக்கொள்வார். வெயிலுக்காக என்று சொல்வார். ஒரு நாள் சௌந்தரம் கிணற்றடியில் கால் கழுவினாள். ஒரு நாள் வரப்பில் உட்கார்ந்து சோறு சாப்பிட்டாள். பாதியில் கையை அப்படியே வைத்துக்கொண்டு ஏரிப் பக்கம் பார்த்தாள். எதைப் பார்க்கிறாள்? இந்தப் பக்கம் பார்க்க அங்கே என்ன இருக்கிறது? ஏரி, கரை, பனைமரம், அதற்குப் பின்னால் நான்.

"சாப்டுடி," என்று துண்டுக்குள் மெதுவாகச் சொன்னார்.

"அண்ணே, இன்னா சொன்னீங்க?"

"பூச்சியத்தான்."

இன்னொரு நாள் அவள் நிமிர்ந்து நேராக ட்ரோனையே பார்த்தாள். வீரமுத்து சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார். அவளுக்குத் தெரிந்துவிடும் என்று பயம்.

கொல்லையின் கடைசித் துண்டும் ஒரு நாள் வந்தது. மல்லாட்டை தெளிந்துவிட்டது. மஞ்சள் வட்டத்தில் பச்சை ஏறியிருந்தது. அன்றைக்குச் சின்ன ட்ரோன் ஏரியைத் தாண்டியபோது கொல்லையில் நீலச் சட்டை இல்லை. கிணற்றடியில் இல்லை. மாசிலாமணி வீட்டு மாடியில் இல்லை.

"இன்னொரு சுத்து வா."

ட்ரோன் சுற்றி வந்தது. இல்லை. வீரமுத்து அவளுக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

உடம்புக்கு ஏதாவதா? களை பறிக்கிற இடத்தில் பாம்பு கீம்பா? அந்தப் பக்கமும் மருந்து அடித்தார்களே, அந்தக் காற்று பட்டிருக்குமோ? கட்டிலில் கிடந்த தன்னைப் பார்த்துக்கொண்டு அவள் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்தது. அப்போது அவளுக்குள் என்ன ஓடியிருக்கும் என்பது இப்போதுதான் விளங்கியது.

துண்டை உதறித் தோளில் போட்டார். மொபெட்டை உதைத்தார். கூட்டேரிப்பட்டு வழியாகச் சுற்றிக்கொண்டு பறந்தார். டீக்கடையிலிருந்து யாரோ, "எங்கண்ணே, ஏரிக்கு அந்தாண்டயா?" என்று கத்தியது காதில் விழுந்தது. விழட்டும்.

மாசிலாமணி வாசலில் போனைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். வீரமுத்து வண்டிக்கு ஸ்டாண்டுகூடப் போடவில்லை.

"மச்சான், சௌந்தரத்தக் கூட்டிக்கினு போலாம்னு வந்தேன். தப்பு எம்மேலதான். அந்த டேங்க இனிமே கையால தொடமாட்டேன். அவ சொன்ன மிஷின வெச்சித்தான் மொத்தக் கொல்லையும் அடிச்சிருக்கேன். எனக்கு ஏதாவது ஆயிடும்னுதான் அவ கெளம்பினா, அது எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் வீம்பு பண்ணிக்கினு இருந்தேன். அவ இல்லாம ஊடு ஊடாவே இல்ல மச்சான். கூப்பிடுங்க அவள."

மாசிலாமணி பொறுமையாகக் கேட்டார். பிறகு போனைக் கொஞ்சம் கிட்டே நீட்டினார்.

"இன்னொரு வாட்டி சொல்லுங்க மாப்ளே. 'வீம்பு'க்கு அப்பறம் அவளுக்கு சரியா கேக்கலியாம்."

"யாருக்கு?"

"சௌந்தரத்துக்கு. அவ காலைலயே ஏரிக்கரை மேல நடந்து உங்க ஊட்டுக்குப் போயிட்டாளே. பனமரத்தாண்ட நின்னு, நீங்க வண்டியெடுக்கறதப் பாத்துட்டுத்தான் எனக்கு போன் போட்டா, இன்னும் வெக்கல."

திரும்பி வருகிற வழி முழுக்க வீரமுத்து தனக்கென்று ஏதாவது ஒரு வெற்றியைத் தேடிக்கொண்டே வந்தார். வீட்டில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. நீலச் சட்டையோடு சௌந்தரம் களி கிண்டிக்கொண்டிருந்தாள். அவருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து அவளையே பார்த்தார். துண்டு இல்லாமல், ஸ்கிரீன் இல்லாமல், பக்கத்தில்.

"வேங்கடேசன நீதான் அனுப்பனியா?"

"அனுப்பலீங்க. டீக்கடைல உங்க பக்கத்துல உக்காந்து டீ குடிங்கன்னு சொன்னேன். அவ்ளோதான். சாதாரணமா சொன்னா நீங்க ட்ரோனுக்கு ஒத்துக்க மாட்டீங்க. நான் அங்க இருக்கறேன்னு காமிச்சா ஒத்துக்குவீங்க."

"துண்டு துண்டா அடிச்சது என் மூளை. அது உனக்குத் தெரியாது."

"உங்களுக்கு அந்த மூளை வரலன்னா பேட்டரி தீந்துடுச்சின்னு அவரையே நிறுத்தச் சொல்லியிருந்தேங்க."

வீரமுத்து கடைசித் துருப்புச் சீட்டை எடுத்தார்.

"இன்னா இருந்தாலும் தெனம் உன்ன நான் பாத்துக்கினு இருந்தேன். நீ என்னப் பாக்கல. அதுல நான்தான் ஜெயிச்சேன்."

சௌந்தரம் கரண்டியை வைத்துவிட்டுப் போனை எடுத்துக் காட்டினாள். ட்ரோன் ஏரிக்குப் போகிற வழியில் எடுத்த படங்கள். தினத்துக்கு ஒன்று. வேங்கடேசன் அனுப்பியவை. எல்லாவற்றிலும் இந்த வீடு, இந்த வாசல், வாசலில் துணி காயும் கொடி.

கொடியில் அவளுடைய சிவப்புப் புடவை.

அவள் போன அன்றைக்கு அதைப் பெட்டியிலிருந்து எடுத்தவர் வீரமுத்துதான். காலையில் கொல்லைக்குப் போகும்போது கொடியில் போடுவார், சாயங்காலம் மடித்து வைப்பார். கொல்லையிலிருந்து திரும்பும்போது தூரத்தில் அது ஆடினால், கொஞ்ச தூரம் அவள் வீட்டில் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டே நடக்கலாம். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

"தொவைக்காத பொடவைய தெனம் எதுக்குங்க காயப் போட்டீங்க?"

"ஈரமா இருந்துச்சி."

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அடுப்புப் புகையாகவும் இருக்கலாம். பிறகு களியை உருட்டித் தட்டில் வைத்து அவர் முன்னால் நகர்த்தினாள்.

"வெயில்ல சாயம் பூரா போயிடுச்சிங்க. மயிலம் பங்குனி உத்திரத்துக்குள்ள ரெண்டு புதுசா எடுத்துக் குடுத்துடுங்க."