ஜீப்பை எடுத்துவிடாதீர்கள், சித்தப்பா

பெருமதிப்பிற்குரிய சித்தப்பா அவர்களுக்கு,

தங்கள் அண்ணன் மகன் பணிவுடன் எழுதுவது. இங்கே அம்மா, அக்கா, நான் மூன்று பேரும் முழுசாக இருக்கிறோம். எல்லாரும் எழுதுவதுபோல் ‘நலம்’ என்று எழுதாமல் ‘முழுசாக’ என்று எழுதியதற்குக் காரணம் இருக்கிறது, கீழே வரும். அங்கே தாங்களும் சித்தியும் ஜீப்பும் எப்படி இருக்கிறீர்கள்? ஜீப்பை மரியாதைக்காக விசாரிக்கவில்லை. அதற்கும் காரணம் கீழே வரும்.

போன் போட்டிருக்கலாமே என்பீர்கள். வீட்டுப் போனைச் சித்திதான் எடுப்பார். சித்தியிடம் ரகசியம் சொல்வதும் தெருவில் மைக் கட்டிப் பேசுவதும் ஒன்று, கோபித்துக்கொள்ளாதீர்கள். பக்கத்து வீட்டு நர்ஸ் அக்கா உங்கள் தெரு வழியாகத்தான் ஆஸ்பத்திரிக்குப் போகிறார். அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

நானும் அக்காவும் கதவுக்குக் கீல் அடிக்கும் கம்பெனியில் வேலை பார்ப்பது உங்களுக்குத் தெரியும். எப்படி அடிக்கிறோம் என்பது தெரியாது. பிரஸ் மிஷின் என்று ஒன்று. மேலே ஓர் இரும்புத் தலை, கீழே ஓர் இரும்பு மேடை. நடுவில் தகடு வைத்தால் தலை இறங்கி ஒரே அடி, கீல் தயார். அந்தத் தலைக்குத் தகடும் விரலும் ஒன்றுதான். அதனால் மிஷினைச் செய்த புண்ணியவான் இரண்டு பக்கமும் இரண்டு பச்சை பட்டன் வைத்திருக்கிறான். இரண்டு கையாலும் சேர்த்து அழுத்தினால்தான் தலை இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் மேடையில் எந்தக் கை இருக்கும்? என்ன மூளை பாருங்கள்! அந்த மூளையை எங்கள் கம்பெனி ஒரு சோடா பாட்டில் மூடியால் ஜெயித்துவிட்டது. இடது பட்டன்மேல் மூடியைக் கவிழ்த்து டேப் போட்டு இறுக்கினால் பட்டன் அழுந்தியே கிடக்கும். பழைய மிஷின், இடது கை அங்கேதான் இருக்கிறது என்று நம்பிக்கொள்ளும். நிஜமான இடது கை தகடு வைக்கவும் எடுக்கவும் அந்தத் தலைக்கு அடியில் போய்வந்துகொண்டிருக்கும். கீல் இரண்டு மடங்கு. மூடி போடாதவனுக்கு அன்றைய கணக்கு முடியாது, கணக்கு முடியாதவனுக்கு வேலை கிடையாது.

புதிதாகச் சேருகிறவர்களுக்கு அடையாள அட்டை தருவதற்கு முன்னாலேயே மூடி தருகிறவர் எங்கள் சூப்பர்வைசர். அவர் பெயர் ‘சீக்கிரம்’. பெற்றவர்கள் வேறு ஏதோ வைத்திருப்பார்கள், ஆனால் அவர் வாயில் வருவது அந்த ஒரு வார்த்தைதான். என் பக்கத்து மிஷினில் ‘எட்டரை’ அண்ணன். ஏன் எட்டரை என்று கேட்டால் கையை விரித்துக் காட்டுவார், நீங்களே கூட்டிக்கொள்ளலாம். அந்த விபத்துக்குக் கம்பெனி எழுதிய காரணம் ‘தொழிலாளியின் கவனக்குறைவு’. மூடி ரொம்பக் கவனமாகத்தான் இருந்ததாம்! இங்கே எல்லாருக்கும் ஒரு பழக்கம் உண்டு, சித்தப்பா. சாயங்காலம் மணி அடித்ததும், சாப்பாட்டு டப்பாவை எடுப்பதற்கு முன், ஒவ்வொருவரும் இரண்டு கையையும் விரித்து ஒரு தடவை பார்த்துக்கொள்வார்கள். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. நானும் பார்ப்பேன், அக்காவும் பார்ப்பாள்.

இப்படி இருக்கும்போதுதான் உங்கள் ஆபீஸிலிருந்து, பாதுகாப்பு ஆய்வாளர் என்றைக்கு வேண்டுமானாலும் திடீரென்று வருவார் என்று போன் வந்தது. திடீரென்று வருவதை முன்கூட்டியே போன் போட்டுச் சொல்கிற உங்கள் ஆபீஸுக்கு ஒரு பெரிய கும்பிடு! மேனேஜருக்கு வேர்த்துக்கொட்டிவிட்டது. அன்றைக்கே எல்லா மிஷினிலும் மூடியைப் பிடுங்கினார்கள். அப்புறம் ஆரம்பித்தது கூத்து. எல்லாருக்கும் ஹெல்மெட் வந்தது, பிளாஸ்டிக் உறையோடு. உறையைக் கிழிக்கக் கூடாதாம், ஆய்வு முடிந்ததும் கடைக்குத் திரும்பப் போக வேண்டுமாம். சித்தப்பா, எங்கள் கூரையிலிருந்து இதுவரை பல்லிகூட விழுந்ததில்லை, போவதெல்லாம் கை, காப்பாற்றுவது தலையை! தீயணைக்கும் மணல் வாளியைத் தேடினால் அதில் பூனை குட்டி போட்டிருந்தது. ‘சீக்கிரம்’ அதைப் பார்த்து “சீக்கிரம், சீக்கிரம்” என்றார், அது இவரைப் பார்த்துக் கொட்டாவி விட்டது. முதலுதவிப் பெட்டிக்குச் சாவி இல்லை, ஸ்க்ரூ டிரைவரால் நெம்பித் திறந்தால் உள்ளே ‘சீக்கிர’த்தின் சீப்பு, கண்ணாடி, தலைக்குப் பூசுகிற கறுப்புச் சாயம். ‘உயரத்தில் வேலையா? கவனம்!’ என்று ஒரு போஸ்டர் வந்தது, அதை ஒட்டுவதற்கு அவர் ஏணி தேடாமல் மேனேஜரின் சக்கரம் வைத்த நாற்காலியில் ஏறினார், நாற்காலி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம், போஸ்டர் அவர் மூஞ்சியில். முட்டியில் நல்ல அடி. கட்டுப்போடப் பெட்டியில் சாயம்தான் இருக்கிறது! கடைசியில் மூடி ஒட்டுகிற டேப்பையே சுற்றினோம். எட்டரை அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து, “கவலைப்படாதீங்க சார், தொழிலாளியின் கவனக்குறைவுன்னு எழுதிருவாங்க”ன்னு தட்டிக்கொடுத்தார்.

மறுநாள் ஒத்திகை. மேனேஜர்தான் ஆய்வாளர். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அக்கா மிஷின்கிட்ட வந்து நின்னார்.

“என்னம்மா, இந்த பட்டன்ல மூடி கீடி போடுறது உண்டா?”

“உண்டு சார்.”

“ஐயோ, இல்லைன்னு சொல்லணும்மா!”

“ஆபீசர் கேட்டா இல்லைம்பேன். நீங்க கேட்டா எப்படி சார் இல்லைங்கிறது? நீங்கதானே வாங்கிக் கொடுத்தீங்க?”

எனக்குச் சிரிப்பை அடக்க முடியலை, மூஞ்சி வரைக்கும் தொங்குற ஹெல்மெட் உறைக்குள்ளேயே புகை மாதிரி ஆவி கட்டிருச்சு. அடுத்து எட்டரை அண்ணன்கிட்ட போனார் மேனேஜர். அவருக்குன்னு தனியா ஒரு ஜோடி கையுறை கொண்டுவந்திருந்தார். காலியா இருக்கிற விரலில் பஞ்சு அடைச்சு, தைச்சு! யார் யோசனையோ தெரியாது. அண்ணன் மாட்டிக்கிட்டு, கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, “இத்தனை வருஷம் கேட்டேன், இன்னிக்குத்தான் கம்பெனி என் விரலைத் திருப்பிக் கொடுத்திருக்கு”ன்னார். எல்லாரும் சிரிச்சோம். அக்கா மட்டும் சிரிக்கலை.

இனிமேல்தான் விஷயமே. ஆய்வாளர் வரலை! அன்னிக்கு வரலை, மறுநாளும் வரலை, அதுக்கு அடுத்த வாரமும் வரலை. எந்த நிமிஷம் வருவாரோன்னு மேனேஜர் வாசலைப் பார்த்துக்கிட்டே நிக்கிறார். மூடியைப் போடவும் பயம், போடாம இருக்கவும் வயித்தெரிச்சல். கீல் பாதியாயிருச்சு. ஆனா ஆள் முழுசா இருக்கோம்! ரெண்டு கையாலும் பட்டனை அழுத்திட்டு, தலை இறங்கி ஏறுற வரைக்கும் நிமிர்ந்து நிக்கிறோம் சித்தப்பா. நிமிர்ந்தா எதிர்ல மனுஷங்க இருக்காங்க! எதிர் மிஷின்காரருக்கு ஒரு கண் கொஞ்சம் சின்னதுன்னு இப்பதான் எனக்குத் தெரியும். அக்கா ஏதோ பாட்டு முணுமுணுக்குறா. ராத்திரி தூக்கத்தில் இடது கை துள்ளும் அவளுக்கு, அது நின்னு போச்சுன்னு அம்மா சொன்னாங்க. இதைவிட ஒண்ணு சொல்றேன். சாயங்காலம் மணி அடிச்சா இப்ப யாரும் கையை விரிச்சுப் பார்க்கிறதில்லை. நேரா டப்பாவை எடுத்துக்கிட்டுக் கிளம்பிடுறாங்க. எனக்கு அது நேத்துதான் உறைச்சது, அங்கேயே நின்னு விசில் அடிக்கணும்போல இருந்தது!

யோசித்துப் பாருங்கள், சித்தப்பா. ஆய்வாளர் வந்தால் என்ன நடக்கும்? ஹெல்மெட்டைப் பார்ப்பார், போஸ்டரைப் பார்ப்பார், எட்டரை அண்ணனின் பஞ்சு விரலைக் குலுக்குவார், டீ குடிப்பார், ‘திருப்தி’ என்று எழுதுவார். ஜீப் தெருமுனை திரும்புவதற்குள் மூடி பட்டனுக்குத் திரும்பிவிடும். எங்கள் விரல்களைக் காப்பாற்றிக்கொண்டிருப்பது அவர் வருகை இல்லை, அவர் வராமல் இருப்பதுதான். சட்டம் போட்டவர்கள், துறை வைத்தவர்கள், ஆபீஸ் கட்டியவர்கள் எல்லாரும் சேர்ந்து இத்தனை வருஷமாகச் செய்யாததை அவர் ஒரு ஆள் வீட்டில் இருந்தபடியே செய்துகொண்டிருக்கிறார்! அந்த மகான் வழக்கம்போல் அப்படியே இருக்கட்டும்.

அவருடைய ஜீப்பை ஓட்டுவது நீங்கள். அதனால்தான் இந்தக் கடிதம். ஜீப் கிளம்பக் கூடாது. பிரேக் சரியில்லை என்று சொல்லுங்கள், பாதுகாப்பு ஆய்வாளர் வண்டியைப் பிரேக் இல்லாமல் எடுத்தால் ஊர் சிரிக்காதா? பிரேக் நன்றாக இருந்தால் டயரைச் சொல்லுங்கள். டயரும் நன்றாக இருந்தால் உங்களுக்கு முதுகு வலி வரட்டும். அவர் கிளம்பியே தீருவேன் என்றால் வழி மாறிப் போங்கள், வேறு எந்தக் கம்பெனிக்காவது கொண்டுபோய் இறக்குங்கள், எல்லா இடத்திலும் ஹெல்மெட் ஒன்றுதான். பொய் சொல்லவே வராத மனிதர் நீங்கள், தெரியும். அப்பா இருந்திருந்தால் அவர் கேட்டிருப்பார், இப்போது நான் கேட்கிறேன். உங்கள் அண்ணன் மகளின் இடது கைக்காக.

சித்திக்கு என் வணக்கத்தைச் சொல்லவும், காரணத்தைச் சொல்ல வேண்டாம். உங்கள் இருவர் ஆசியும், ஜீப்பின் ஓய்வும் எங்களுக்கு என்றும் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
பத்து விரலோடு,
தங்கள் அண்ணன் மகன்

பி.கு.: மேலே உள்ளதைச் சாப்பாட்டு நேரத்தில் எழுதி முடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். இப்போது சாயங்காலம், வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். மேலே உள்ளது எல்லாவற்றையும் மறந்துவிடுங்கள்.

மத்தியானம் மேனேஜர் பொறுமை போய் உங்கள் ஆபீஸுக்குப் போன் போட்டாராம். எடுத்த யாரோ ஒரு நல்லவர், ஜீப் இஞ்சினைக் கழற்றிப் பட்டறையில் போட்டு ரொம்ப நாளாச்சு, ஆபீசர் இப்போதைக்கு எங்கேயும் வரமாட்டார் என்று உண்மையைச் சொல்லிவிட்டார். அது நீங்களாக இருக்கக் கூடாது என்று நினைத்தேன். “சித்தப்பாதான்டா, வேற யாரு இவ்வளவு விவரமா சொல்லுவா?” என்கிறாள் அக்கா. அரை மணி நேரத்தில் ஹெல்மெட் எல்லாம் பெட்டிக்குள் போய்விட்டது, ‘சீக்கிரம்’ நொண்டிக்கொண்டே ஒவ்வொரு மிஷினுக்கும் மூடி ஒட்டிக்கொண்டு வந்தார். அக்கா தன் மூடியைப் பிடுங்கிப் போட்டாள். அவர் வேறொன்று ஒட்டினார், அதையும் பிடுங்கினாள். மூன்றாவது மூடியைக் கழிவறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்து நின்றாள். மேனேஜர் வந்தார்.

“நாளைக்கு மதியம் வரைக்கும் பார்ப்பேன்மா. மூடி போட்டுக்கிறியா, வீட்டுக்குப் போறியா?”

“நீங்க போட்டுக்கிட்டு ஒரு மணி நேரம் ஓட்டிக் காட்டுங்க சார். அப்புறம் நான் போட்டுக்கிறேன்.”

நானும் என்னுடையதை எடுத்துவிட்டேன். எட்டரை அண்ணனும். “எனக்கு இனிமே போறதுக்குக் கொஞ்சம்தான் இருக்கு, அதுவாவது இருக்கட்டும்” என்றார்.

அதனால் சித்தப்பா, ஆய்வாளர் வர வேண்டும். நாளைக்கே வர வேண்டும். நர்ஸ் அக்காவுக்கு இன்றைக்கு ராத்திரி டியூட்டி, இப்போதே கொடுத்தனுப்புகிறேன். பஸ்ஸில் கூட்டிவாருங்கள், பஸ்ஸில் வரமாட்டேன் என்றால் ஆட்டோவில், அதுவும் மாட்டேன் என்றால் உங்கள் சைக்கிளில் பின்னால் உட்கார வைத்து மிதித்துக்கொண்டு வாருங்கள். போன் மட்டும் போடாதீர்கள், யாரையும் போடவும் விடாதீர்கள். முன்வாசலில் வாட்ச்மேன் மணி அடித்துவிடுவார், தகடு இறக்குகிற பின்வாசல் வழியாக நேரே உள்ளே வந்துவிடுங்கள். ஹெல்மெட்டைப் பார்க்க வேண்டாம், இடது பட்டனைப் பார்க்கச் சொல்லுங்கள். எட்டரை அண்ணன் கையுறை போடமாட்டார். எல்லாம் மதியத்துக்குள். அதற்குப் பிறகு வந்தால் அக்கா மிஷினில் வேறு யாரோ மூடியோடு நிற்பார்கள்.

வேண்டுமானால் சித்தியிடமும் சொல்லுங்கள். தெருவுக்கே தெரியட்டும்.

இன்றைக்குச் சாயங்காலம் மணி அடித்ததும் எல்லாரும் கையை விரித்துப் பார்த்தார்கள்.