என் கெப்புக்குப் பொருந்தாத கவர்

ஒரு விடயத்தைப் பத்து நிமிடம் கேட்டுவிட்டு, பத்து வருடம் பழகியவனைப் போல எழுதுவதுதான் மாவட்டச் செய்தியாளனின் தொழில். காலையில் இறால் பண்ணை நோய், மத்தியானம் குடிநீர்க் குழாய், பின்னேரம் பள்ளிக்கூடக் கூரை. மூன்றையும் எழுதியிருக்கிறேன். மூன்றிலும் எனக்கு ஒன்றும் தெரியாது. எழுத்தில் இது ஓரளவு செல்லும். ஊசியும் நூலும் எடுத்தால் செல்லாது. இதை நான் தெரிந்துகொண்டது மைத்துனியின் வலிமா விருந்தன்று, சம்பந்தி வீட்டுப் பின்வளவில், கையில் தேக்கரண்டியோடு.

போர் முடிந்து பாதைகள் திறந்த சில வருடங்களில் நான் ஒரு பழைய கெப் வாங்கினேன். முன்னால் இரண்டு பேர் உட்காரலாம், பின்னால் திறந்த பெட்டி. தொண்ணூறில் விட்டுவந்த மன்னார் வளவைப் பார்த்து வரவும், புத்தளத்துச் சாமான்களை அங்கே கொண்டுபோகவும் வண்டி தேவைப்பட்டது. ஆனால் திறந்த பெட்டியில் போகிற எதுவும் போகிற நிறத்தில் போய்ச் சேராது. செம்மண் பூசிக்கொண்டுதான் இறங்கும். ஆகவே பெட்டிக்கு ஒரு மூடி தேட ஆரம்பித்தேன்.

சிலாபத்தில் ஒருவர் தன் கெப்பை விற்றுவிட்டு, அதன் கவரை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று யோசித்துக்கொண்டிருந்தார். அவருடைய யோசனையை நான் முடித்துவைத்தேன். கறுப்பு ரெக்ஸின், உள்ளே அலுமினியச் சட்டங்கள், மூன்றாக மடித்துச் சுருட்டிவைக்கலாம். பார்க்க அழகு.

"என்ட வண்டி கொஞ்சம் பெருசு சேர்" என்றார் அவர்.

"கொஞ்சம்" என்ற சொல்லைச் செய்தியில் அனுமதிக்காதவன் நான். (எத்தனை பேர், எத்தனை ஏக்கர் என்று கேட்டு ஊரையே களைப்படையச் செய்திருக்கிறேன்.) அன்று கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து அளந்தேன். அகலத்தில் ஒன்றரை அங்குலம், நீளத்தில் இரண்டேகால். பக்கத்துப் பிடிகள் பெட்டியின் விளிம்பைத் தொட்டன, பிடிக்கவில்லை. சட்டங்களுக்கு நடுவே ரெக்ஸின் தொட்டிலைப் போலத் தொய்ந்து கிடந்தது.

பாலாவிப் பக்கம் ஒரு தரம் ஓட்டிப் பார்த்தேன். களப்புக் காற்று முன்விளிம்புக்குள் புகுந்து கவரைத் தூக்கித் தூக்கிப் பின்கண்ணாடியில் அடித்தது. பக்கத்தில் இருந்த என் மனைவி ரிஸானா திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்:

"யாரோ கதவு தட்டுறாங்க. நிப்பாட்டி என்ன வேணுமெண்டு கேளுங்க."

இந்த நிலையில்தான் வலிமா, மாப்பிள்ளை வீட்டார் கொடுக்கும் கல்யாண விருந்து, வந்தது. ரிஸானாவின் தங்கையை நுரைச்சோலையில் கட்டிக்கொடுத்தோம். மணமகனின் பெரியும்மா, நிச்சயதார்த்தத்தன்று எங்கள் வீட்டில் மாமி, ரிஸானாவின் உம்மா, தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் முட்டையும் சேர்த்து அவித்த வட்டலப்பத்தை வாயில் வைத்து, கண்ணை மூடி, திறந்து, "ம்... இதுவும் ஒரு விதம்தான்" என்று சொல்லியிருந்தார். அந்த ஒரு வசனத்தை மாமி எட்டு மாதம் சுமந்தார். சமையலில் கை வைக்கும்போதெல்லாம் "ஒரு விதமாம்" என்று பானைக்குச் சொல்வார். கடைசியில், மாப்பிள்ளை வீட்டு வலிமாவுக்கு வட்டலப்பம் முழுவதும் தன் கையால் வரும் என்று வாக்குக் கொடுத்துவிட்டார். ஆறு பேர் சுற்றியிருந்து உண்ணும் பெரிய தட்டுக்குத்தான் சஹன் என்று பெயர். நாற்பது சஹன். சஹனுக்கு ஒரு தட்டு வட்டலப்பம். நாற்பது தட்டு.

"சாமானுக்கு வேறயா ஒரு வேன் பிடிப்பம்" என்றார் மாமி.

"வீட்டில வண்டி இருக்கேக்குள்ள வேனா? நான் கொண்டுவாறன் மாமி."

"மருமகன், அந்த மூடி..."

"மூடி ரெண்டு நாளில சரியாயிரும்."

ரிஸானா அரிசி புடைப்பதை நிறுத்தினாள். "நீங்க எழுதுறதில பிழை வந்தா அடுத்த நாள் திருத்தம் போடுவீங்க. வட்டலப்பத்துக்கு எங்க போடுறது திருத்தம்?"

அந்தக் கேள்விக்குப் பிறகு, வேன் பிடிப்பது எனக்குச் சாத்தியமில்லாமல் போய்விட்டது.

முந்தலில் இருக்கை தைக்கும் குஷன் கடை ஒன்று உண்டு. கடைக்காரர் ஜூட் கவரைச் சுற்றி ஒரு தரம் நடந்தார்.

"சட்டத்தை வெட்டிக் குறைக்கணும். ரெக்ஸினைக் கழற்றித் திரும்ப இழுத்துத் தைக்கணும். மூணு நாள் விட்டுட்டுப் போங்க சேர்."

"எனக்கு நாளையிண்டைக்கு வேணும்."

"அப்ப ஏலாது. ஹரித?" என்று, சரிதானே என்பதைச் சிங்களத்தில் கேட்டு முடித்துவிட்டு, தான் தைத்துக்கொண்டிருந்த இன்னொரு ரெக்ஸின் உறைக்குத் திரும்பினார். நான் போகவில்லை. பத்து நிமிடம் நின்று பார்த்தேன். தொய்ந்த இடத்தைக் கிள்ளி எடுத்து மடிப்பாக்கி, மடிப்பின் அடியில் ஊசி ஓட்டினார். இவ்வளவுதானா என்று தோன்றியது. வண்டியைக் கிளப்பும்போது அவர் எழுந்துவந்து கையை ஆட்டி ஏதோ சொன்னார். செய்திக்குத் தேவையானது எனக்குக் கிடைத்துவிட்டிருந்தது. கையைக் காட்டிவிட்டு வந்துவிட்டேன்.

கோணி ஊசியும் மீன்பிடித் தங்கூசி நூலும் வாங்கினேன். மூன்று மடிப்புப் பகுதிகளிலும் குறுக்கே ஒவ்வொரு மடிப்பு எடுத்தேன். அளவுகோலை வைத்து அங்குலத்துக்கு ஒரு துளை. ஒரு துளைகூட வரிசை தவறவில்லை. பகல் முழுக்க முழங்காலில் இருந்தேன். விரல்களில் ஊசி ஏறிய இடங்களை ரிஸானா எண்ணி, "கவரைவிட உங்களுக்குத்தான் தையல் கூட" என்றாள்.

ரெக்ஸின் பாதி இறுகியது. சட்டத்தின் அளவு மட்டும் அப்படியே இருந்தது, பிடிகளும் பிடிக்கவில்லை. சைக்கிள் டியூபை வெட்டிப் பிடிகளுக்கு அடியில் திணித்தேன். முன்விளிம்பு இன்னும் ஒரு விரல் எழும்பியது. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. புத்தளத்தில் எதையாவது அமுக்கிவைக்க வேண்டுமென்றால் யாரும் கல் தேடுவதில்லை. கூரைத் தகரம், படங்கு, காற்றில் ஆடும் கதவு, எல்லாவற்றுக்கும் கைக்கெட்டுவது உப்பு மூட்டைதான். உப்பளத்து ஊர். நான் மூன்று மூட்டை கல்லுப்பு எடுத்து, பகுதிக்கு ஒன்றாக, மூன்று மடிப்புகளின் மேலும் வைத்தேன். கட்டினேன். ஓட்டிப் பார்த்தேன்.

சத்தமே இல்லை. கவர் பள்ளிவாசல் பாய் மாதிரிப் படிந்து கிடந்தது.

"மாஷா அல்லாஹ்" என்றார் மாமி. அந்தச் சொல்லை அதற்கு முன் அவர் என்னைப் பார்த்துச் சொன்ன ஞாபகம் எனக்கில்லை.

வலிமாவன்று காலை நாற்பது தட்டுகளையும் பெட்டியில் அடுக்கினோம். எட்டு வரிசை, வரிசைக்கு ஐந்து. மேலே வெள்ளைத் துணி. அதற்கு மேலே கவர். அதற்கு மேலே உப்பு. பெண்கள் வேனில் பின்னால் வருவதாக ஏற்பாடு. என்னோடு ரிஸானாவின் நானா, அதாவது அண்ணன், நவாஸ் ஏறிக்கொண்டார். புதுச் சட்டை, வெள்ளை.

ஒக்டோபர் மாதம். காற்று இன்னும் போகவில்லை, மழை இன்னும் வரவில்லை என்று நான் நினைத்திருந்தேன். பாதி வழியில் மழை வந்துவிட்டது. கால் மணி நேரம் கொட்டிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் விட்டது.

"மச்சான், உள்ளுக்கு நனையாதே?" என்றார் நவாஸ்.

"ரெக்ஸின் மச்சான். தண்ணி போகாது."

இது உண்மைதான். ரெக்ஸினுக்குள் தண்ணீர் போகாது. ரெக்ஸினில் அங்குலத்துக்கு ஒரு துளை போட்டவன் அதைச் சொல்லக்கூடாது என்பது மட்டுமே விடயம்.

மாப்பிள்ளை வீட்டுப் பின்வளவில் வண்டியை நிறுத்தினோம். மூட்டைகளை இறக்கினோம். அவை ஏற்றியபோது இருந்த பாரத்தில் இல்லை. மூட்டைகள் அமுக்கிய பள்ளங்களில் மழை தேங்கி நின்றது. தைத்து இறுகிய கவர் இனி மடியாது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. இரண்டு பேரும் முழுசாகத் தூக்கினோம். மிச்சத் தண்ணீர் சரிந்து நவாஸின் தலையில் ஊற்றியது.

அவர் கண்ணைத் துடைத்தார். உதட்டை நக்கினார். என்னைப் பார்த்தார்.

"மச்சான். உப்புக் கரிக்குது."

வெள்ளைத் துணியில் குறுக்கே மூன்று ஈரக் கோடுகள். நேர்கோடுகள். அளவுகோல் வைத்துப் போட்டதுபோல் இருந்தன. (அளவுகோல் வைத்துத்தான் போட்டேன்.)

அப்போது ஒரு நல்ல மனிதன் நேரே உள்ளே போய் விடயத்தைச் சொல்லியிருப்பான். நான் ஆதாரம் தேடினேன். நவாஸை வாசல் பக்கம் காவலுக்கு அனுப்பிவிட்டு, ஒரு தேக்கரண்டியோடு பெட்டிக்குள் ஏறி, முதல் தட்டின் ஓரத்தைக் கிள்ளி வாயில் வைத்தேன். கடல். இரண்டாவது, கடல். முதல் வரிசை ஐந்தும் கடல். இரண்டாம், மூன்றாம் வரிசைகள் இனிப்பு. நான்காம் வரிசை மறுபடியும் கடல். பதினெட்டாவது தட்டை ருசித்துக்கொண்டிருந்தபோது பின்னால் குரல் கேட்டது.

"என்ன மகன், பந்தி துவங்க முந்தியே நீங்க துவங்கிட்டீங்களா?"

பெரியும்மா. அவருக்குப் பின்னால் அடுப்படியிலிருந்து வந்த பெண்கள் பத்துப் பதினைந்து பேர். நான் வட்டலப்பத் தட்டுகளுக்கு நடுவே முழங்காலில், வாய் நிறைய.

"சும்மா... சரி பார்க்கிறன்."

"அப்ப நானும் பார்க்கிறன்" என்று என் கையிலிருந்து கரண்டியை வாங்கினார். நான் கை நீட்டித் தடுக்கும் முன் பதினெட்டாவது தட்டில் கரண்டி இறங்கிவிட்டது.

அவர் கண்ணை மூடினார். திறந்தார். பெண்கள் அனைவரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். அந்த நேரத்தில் வேன் வந்து நின்றது. மாமி இறங்கினார், பட்டுச் சேலையில், எட்டு மாதத்துக் கணக்கைத் தீர்க்க வந்த முகத்தோடு.

"எப்படி இருக்கு மதினி?" என்று தூரத்திலிருந்தே கேட்டார்.

பெரியும்மா வாயைத் திறக்கும் முன் நான் கத்திவிட்டேன். ஆம், கத்தினேன்.

"மாமியிட கையில பிழையில்ல! பிழை என்ட மூடியில! மூடி பொருந்தல்ல. எனக்கு முந்தியே தெரியும் பொருந்தாதெண்டு. துளை போட்டது நான். உப்பு மூட்டை வைச்சது நான். மழை மட்டும்தான் நான் இல்ல!"

என் தொழில் வாழ்க்கையில் நான் போட்ட மிக நீளமான திருத்தம் இதுதான். மாமி பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். அவர் முகம் வட்டலப்பத்தின் நிறத்துக்குப் போனது.

பெரியும்மா ஒருவர் சொல்வதை ஒருவர் சொன்னார் என்பதற்காக நம்புகிறவர் அல்லர். (அவரைச் செய்தியாசிரியராக வைத்திருந்தால் பாதிச் செய்தி வெளிவந்திராது.) நேரே நடந்து, நிலத்தில் விரித்துக் கிடந்த கவரிடம் போனார். குனிந்து ஒரு விரலை மடிப்பில் தேய்த்தார். நாக்கில் வைத்தார். பட்டும் பொன்னுமாக நின்றுகொண்டு என் ரெக்ஸினை ருசி பார்த்தார். பிறகு இரண்டாம் வரிசைக்கு வந்து நல்ல தட்டு ஒன்றில் ஒரு கரண்டி எடுத்தார். பிறகு இன்னொரு கரண்டி. இரண்டாவது கரண்டி விசாரணைக்குத் தேவையில்லாதது.

"உப்பு மருமகனுடையது" என்று தீர்ப்புச் சொன்னார். "வட்டலப்பம் மாமியுடையது. எத்தனை நல்லது மிச்சம்?"

"இருபத்தஞ்சு" என்றேன், மூன்று கோட்டுக்குப் பதினைந்து தட்டைக் கழித்து. அளவு சொல்வதில் மட்டும் எனக்குத் தடுமாற்றமே இல்லை.

"தட்டுக்கு எட்டுத் துண்டு போடுங்க."

இருநூறு துண்டுகள். நாற்பது சஹன். சஹனுக்கு ஐந்து. ஒவ்வொரு சஹனையும் சுற்றி ஆறு பேர்.

அதன் பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. ஐந்து துண்டுக்கு ஆறு கை என்றால் மனிதர்கள் வேறு மனிதர்களாகிறார்கள். "நீங்க எடுங்க", "இல்ல நீங்க எடுங்க" என்று ஆரம்பித்த மரியாதை அரை நிமிடம்தான் நின்றது. கிடைத்தவர்கள் புகழ்ந்தார்கள். கிடைக்காதவர்கள் அதைவிட அதிகமாகப் புகழ்ந்தார்கள். அடுப்படிக்கு ஆள் மேல் ஆள் வந்து "இன்னும் இருக்கா, யார் செஞ்சது?" என்று கேட்டார்கள். ஒவ்வொரு முறையும் பெரியும்மா மாமியைக் கை காட்டி, "இவதான், என்ட மதினி" என்றார். நாலாவது ஆள் கேட்டபோது மாமியின் முகம் திரும்ப மாமியின் முகமானது.

எங்கள் சஹனில் ஆறாவது ஆள் யார் என்று யாரும் விவாதிக்கவில்லை. தட்டு என் பக்கம் வராமலே சுற்றிப்போனது. எதிரே, உப்புக் காய்ந்து வெள்ளைச் சட்டையில் வெள்ளைப் படம் விழுந்திருந்த நவாஸ், தன் துண்டை என் கண்ணைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சாப்பிட்டார்.

பிறகு ஒருநாள் முந்தலில் ஜூட்டைக் கேட்டேன், அன்றைக்குப் பின்னாலிருந்து என்ன கத்தினீர்கள் என்று. "தைச்ச பிறகு ஊசி ஓட்டைக்குப் பசை பூசுங்க எண்டுதான்" என்றார். சட்டத்தை வெட்டி, ரெக்ஸினை இழுத்து, மூன்று நாளில் தைத்துக் கொடுத்தார். கவர் இப்போது மழையிலும் காற்றிலும் கச்சிதமாக இருக்கிறது. அதை நம்புவதற்குத்தான் குடும்பத்தில் ஆள் இல்லை.

கறியில் உப்புக் கூடிவிட்டால் எங்கள் இரண்டு வீட்டிலும் சமைத்தவரை யாரும் கேட்பதில்லை. "இது மச்சான்ட வண்டியில வந்ததா?" என்றுதான் கேட்கிறார்கள். இப்போது பிள்ளைகளும் கேட்கிறார்கள், அந்தப் பயணத்தின்போது பிறந்திராத பிள்ளைகள். நுரைச்சோலையில் கல்யாணம், கத்தம், சுன்னத்து எது வந்தாலும் பெரியும்மா எனக்குத் தனியாகத் தொலைபேசி எடுப்பார். அழைப்பை ஏற்கனவே ரிஸானாவுக்குச் சொல்லியிருப்பார். எனக்கு எடுப்பது ஒரே ஒரு வசனம் சொல்வதற்காக:

"மகன், கட்டாயம் வரணும். பஸ்ஸில வாங்க."