முன்னால் போகிற வண்டி

கண்ணாடியில் தெரிந்த பச்சை லாரி முந்தவும் இல்லை, விலகவும் இல்லை.

மெத்தைக் கடைக்காரர் ராணுவ முகாமில் ஏலம் எடுத்த பழைய லாரியோடு வெளியே வந்து இரண்டு கிலோமீட்டர்கூட ஆகவில்லை. பக்கத்தில் அவர் மனைவி, மொட்டை மாடி விளிம்பில் உட்கார்ந்திருப்பவள் போல, கைப்பையை இறுகப் பிடித்தபடி இருந்தாள்.

"சின்ன வண்டின்னு சொன்னீங்க."

"மெத்தை ஏத்த இடம் வேணாமா? அது கிடக்கட்டும். பின்னாடி ஒரு ராணுவ வண்டி வருது, பார்."

அவள் தலையை வெளியே நீட்டினாள். "ஒண்ணு இல்லீங்க. நாலு."

அவர் வேகத்தைக் குறைத்து, முந்திப் போகும்படி கையைக் காட்டினார். பின்னால் வந்தவையும் வேகத்தைக் குறைத்தன. அழுத்தி மிதித்தார். அவையும் விரட்டிக்கொண்டு வந்தன.

"உள்ள எதையாவது மறந்து வெச்சு வித்துட்டாங்களோ?" என்றாள் மனைவி.

"எதை?"

"ராணுவத்துல எதை வெச்சிருப்பாங்க? பள்ளம் பார்த்து ஓட்டுங்க."

அதன் பிறகு ஒவ்வொரு பள்ளத்தையும் நிறைமாதக் கர்ப்பிணியை ஏற்றிக்கொண்டு போகிறவர் போலக் கடந்தார்.

எப்படியாவது கழன்றுகொள்ளலாம் என்று கடைத்தெருவுக்குள் திருப்பினார். இப்போது ஏழு லாரிகள் திரும்பின. சைக்கிளில் வந்தவர்கள் இறங்கிச் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். சலூனிலிருந்து பாதி முகம் நுரையோடு ஒருவர் ஓடி வந்தார்.

"என்னம்மா, சண்டை வந்துடுச்சா?"

"இன்னும் வரல," என்றாள் மனைவி, கணவரைப் பார்த்துக்கொண்டே.

தெரு முனையில் போக்குவரத்துக் காவலர் மற்ற வண்டிகளையெல்லாம் நிறுத்திவிட்டு, விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார். கடைக்காரரின் கை தானாக நெற்றிக்குப் போனது.

"நீங்க எதுக்குங்க சல்யூட் அடிச்சீங்க?"

"கை போயிடுச்சு."

"போச்சு. இனி ஆள்மாறாட்டக் கேஸும் சேர்ந்துக்கும்."

பதற்றத்தில் சின்ன ரவுண்டானா ஒன்றைச் சுற்ற ஆரம்பித்தார். ஒரு சுற்று முடிவதற்குள் அவருக்கு முன்னால் ஒரு பச்சை லாரி போய்க்கொண்டிருந்தது.

"தப்பிச்சோம். முந்திட்டாங்க."

"முந்தலீங்க. அது அவங்களோட கடைசி வண்டி. இப்ப நாம அவங்களைத் துரத்துறோம்."

கிடைத்த பிரிவில் ஒடித்து, நேரே வீட்டுக்கு விட்டார். மொத்த வளையமும் அவிழ்ந்து பின்னாலேயே வந்தது. தங்கள் தெரு முட்டுச்சந்து என்பது உள்ளே நுழைந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. ஏழு லாரிகளும் வரிசையாக வந்து தெருவை அடைத்துக்கொண்டு நின்றன. எதிர்வீட்டுக்காரர் கொடியில் காய்ந்த வெள்ளைத் துண்டை உருவி மாடியிலிருந்து ஆட்டினார்.

"நான் போறேன். கடையைப் பார்த்துக்கோ," என்றார் கடைக்காரர். கதவைத் திறந்தார்.

"சட்டைப் பட்டனைப் போட்டுட்டுப் போங்க," என்றாள் மனைவி. அவளுக்குக் கண் கலங்கியிருந்தது.

பின்னால் நின்ற முதல் லாரியிலிருந்து ஒருவர் குதித்து இறங்கி, நேராக அவரிடம் வந்தார். கடைக்காரர் இரண்டு கைகளையும் தூக்கினார்.

"சார், வண்டியை நீங்களே எடுத்துக்கிட்டுப் போயிடுங்க. உள்ள என்ன இருக்குன்னு சத்தியமா நான் பார்க்கல."

வந்தவர் தலையைச் சொறிந்தார்.

"எனக்கு எதுக்கு சார் இன்னொண்ணு? நாங்களும் ஏலத்துல ஆளுக்கு ஒண்ணு எடுத்தவங்கதான். ஹைவேக்கு வழி தெரியல, நீங்க யாரையும் கேக்காம விறுவிறுன்னு கிளம்பினதைப் பார்த்துட்டு நம்பிப் பின்னாடியே வந்துட்டோம்."