சந்தையிலிருந்து வந்த பதில்

மைக் கையில் கிடைத்தால் எனக்குத் தலைகால் புரியாது. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

தாம்பரத்தில் பி.காம். இரண்டாம் ஆண்டு படித்தபோது நான்தான் வகுப்புப் பிரதிநிதி. வாரத்தில் நான்கு நாள் கல்லூரியில் வகுப்பு, வெள்ளிக்கிழமை மட்டும் ஆன்லைன். இது தொடரலாமா என்று மாணவர்களிடம் கருத்துக் கேட்க, ஒரு வெள்ளிக்கிழமை கூட்டம் போட்டார்கள். விரும்பியவர்கள் அரங்குக்கு வரலாம், மற்றவர்கள் திரையில். நான் முதல் ஆளாகப் போய் முதல் வரிசையில் உட்கார்ந்தேன் (துப்பட்டாவுக்குக்கூட இஸ்திரி!).

"ஆன்லைன்ல யாருமே கவனிக்கறதில்ல சார்," என்று முழங்கினேன். "இப்பவே பாருங்க. ஜெபராஜ், கேமராவ ஆன் பண்ணு!"

ஜெபராஜ் எங்கள் வகுப்பின் கடைசி பெஞ்ச். திரையில் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை விரிந்தது. பழைய ஃபேன்களுக்கு நடுவே, ஒரு காதில் மட்டும் இயர்போனோடு அவன். எதிரே நின்றவர், "இன்னாபா, இது ஓடுமா ஓடாதா?" என்றார்.

அரங்கமே சிரித்தது. நான் கோப்பை வாங்கியவள் போல நின்றேன்.

புள்ளியியல் பேராசிரியர் மட்டும் சிரிக்கவில்லை. "சரிம்மா, நீயே சொல்லு. போன வெள்ளிக்கிழமை நடத்தினேனே, ஆவரேஜுக்கும் மீடியனுக்கும் என்ன வித்தியாசம்?"

போன வெள்ளிக்கிழமை வகுப்பில் இருந்தது என் பெயர் மட்டும்தான். நான் போர்வைக்குள் இருந்தேன்.

"ரெண்டும் ஒண்ணுதான் சார்... பேர்தான் வேற."

"ஜெபராஜ்?"

"சார், இங்க ஏழு ஃபேன் கீது. வெலைப்படி அடுக்குனா நடுவுல நிக்கறது மீடியன். கடைசி ஃபேனோட வெல மட்டும் எக்கச்சக்கமா ஏறுனா ஆவரேஜ் ஏறிடும். மீடியன் அசையாது." உடனே எதிரே இருந்தவரிடம் திரும்பி, "ஓடும்ணா, போட்டுக் காட்றேன்" என்றான்.

"சந்தையிலயா கிளாஸ் கேக்கறே?"

"அப்பாவுக்கு முதுகுல ஆபரேஷன் சார். வெள்ளிக்கிழமை கடைய நான்தான் பாக்கறேன். ஆன்லைன் இல்லன்னா ஆப்சென்ட்தான். எக்ஸாம் எழுத வுடமாட்டாங்க."

என் காது சுட்டது. கையில் இன்னும் இரண்டு பக்கப் பேச்சு பாக்கி. அதை மடித்து வைத்துவிட்டு மறுபடி மைக்கைப் பிடித்தேன்.

"சார், நான் சொன்னது தப்பு. போன வாரம் கவனிக்காதது நான்தான். தூங்கிட்டேன். வெள்ளிக்கிழமை ஆன்லைனாவே இருக்கட்டும்."

கடைசி வார்த்தையில் குரல் கீச்சென்று உடைந்தது. அதற்கும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு எத்தனையோ மேடை ஏறிவிட்டேன். ஆனாலும் நினைத்தால் நெஞ்சு நிமிர்வது அந்த நான்கு வரிக்குத்தான். ஆன்லைன் வகுப்பு தொடர்ந்தது. ஜெபராஜ் தேர்வு எழுதினான், புள்ளியியலில் என்னை எங்கோ விட்டுவிட்டுப் போனான்.

கூட்டத்துக்கு அடுத்த வெள்ளிக்கிழமை, வகுப்பு முடிந்ததும் அம்மாவோடு போய் அவனிடம் ஒரு ஃபேன் வாங்கினேன். வீட்டில் அதற்கு மீடியன் என்றே பெயர். "புழுக்கமா இருக்கு, மீடியனப் போடு" என்று அப்பா சொன்னால் விருந்தாளிகள் விழிப்பார்கள். விளக்கம் சொல்லத் தம்பி தயாராக இருப்பான். அவன் சொல்லும் கதையில் என் குரல் வருடத்துக்கு வருடம் இன்னும் கொஞ்சம் கீச்சிடுகிறது.